பின்சுவர் நிறத்தில் ஒரு நாடு

ஐந்தாம் வகுப்பில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர் வந்ததற்குக் காரணம் உயரம். வரிசையில் நின்றால் எப்போதும் அவள்தான் முதல் ஆள். ஆனால் கையில் தூரிகையைக் கொடுத்துவிட்டால், அவளை மிஞ்ச அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. அப்பா வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டுமா என்ன?

அதனால் வெள்ளிக்கிழமைக் கண்காட்சிக்கு உலகப்படம் தீட்டும் வேலை அவளிடம் வந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

"வெறும் படம் இல்ல," என்றார் டீச்சர். "ஒரு நாட்டுல ஜனங்க சராசரியா எவ்வளவு சம்பாதிக்கிறாங்க, எத்தனை வருஷம் வாழறாங்க, பிள்ளைங்க எத்தனை வருஷம் படிக்கிறாங்க, இதெல்லாம் பார்த்து நாடுகளைக் குழுவாப் பிரிச்சிருக்காங்க. நம்ம புத்தகத்துல மூணு குழு. வளர்ந்த நாடுகள், வளரும் நாடுகள், பின்தங்கிய நாடுகள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் குடு."

"என்ன கலர் டீச்சர்?"

"உன் இஷ்டம்."

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பட்டாணி வகுப்பறைத் தரையில் படத்தை விரித்து உட்கார்ந்தாள். வளர்ந்த நாடுகளுக்குப் பச்சை. வளரும் நாடுகளுக்கு மஞ்சள். நம் நாடு மஞ்சளில் வந்தது. சொந்த நாடாயிற்றே என்று அதற்கு மட்டும் இரண்டு பூச்சு கொடுத்தாள்.

மூன்றாவது குழுவுக்கு வந்தபோது வண்ணம் தீர்ந்துவிட்டது. சிவப்புக் குப்பியில் காய்ந்து கல்லாகிப்போன சிவப்புதான் இருந்தது. நீலத்தை யாரோ மூடாமல் வைத்து, அதுவும் காய்ந்து கிடந்தது.

இந்த இடத்தில் வேறு பிள்ளையாக இருந்தால் டீச்சரிடம் போய்க் கேட்டிருக்கும். பட்டாணி பெயிண்டர் மகள். அப்பா ஒவ்வொரு வீட்டு வேலை முடிந்ததும் டப்பாவின் அடியில் மிஞ்சியதை எல்லாம் ஒரே வாளியில் ஊற்றிவைப்பார். பச்சை, ரோஸ், சந்தனம் எல்லாம் கலந்து, பழுப்பும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறம் வரும். அதை வீட்டின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள் இருக்கும் சந்துச் சுவரில் அடிப்பார். அவர்கள் வீட்டில் அதற்குப் பின்சுவர்க் கலர் என்று பெயர்.

பட்டாணியும் எல்லாக் குப்பிகளையும் சுரண்டினாள். தூரிகை கழுவிய தண்ணீரை விட்டுக் கலக்கினாள். அச்சு அசலாகப் பின்சுவர்க் கலர் வந்தது. அதைக்கொண்டு பின்தங்கிய நாடுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் தீட்டி முடித்தாள். ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்று அவளுக்குப் பெருமை வேறு.

செவ்வாய்க்கிழமை காலை படம் சுவரில் ஏறியது. வகுப்பே சுற்றி நின்றது. எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தவள் கப்பல்காரி.

அவள் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரத்தை இயக்கும் வேலைக்கு அவள் அப்பா வெளிநாட்டிலிருந்து வந்தார். கூடவே அவளும் அவள் அம்மாவும் கப்பலில் வந்து இறங்கினார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அம்மா வழியில் நம் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்காட்சியில் படத்தின் பக்கத்தில் குச்சியோடு நின்று விளக்கம் சொல்ல டீச்சர் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். "ரெண்டு நாடு பார்த்தவ நீ ஒருத்திதானே," என்று காரணமும் சொல்லியிருந்தார்.

கப்பல்காரி விரலை நீட்டி, படத்தில் கடலோரமாகவே நகர்த்திக்கொண்டு போனாள். கடைவாய்ப்பல் போன்ற ஒரு சின்ன நாட்டின் மேல் விரல் நின்றது. அவள் முகம் மாறியதைப் பட்டாணி பார்த்தாள்.

"உன் நாடு எது?" என்று கேட்டான் மைக்செட். அவன் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்புக்குப் பாடம் நின்றுவிடும்.

"இது."

"ஐயையோ, அது சேத்துல கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டாணியும் சிரித்தாள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியைக் கப்பல்காரி திரும்பிப் பார்த்துவிட்டாள்.

மதியம் அவள் டீச்சரிடம் போய், தொண்டை வலிக்கிறது, வெள்ளிக்கிழமை தன்னால் பேச முடியாது என்று சொன்னாள். புதன்கிழமை பள்ளிக்கே வரவில்லை. பட்டாணிக்கு அன்று கணக்கும் ஏறவில்லை, சோறும் இறங்கவில்லை. தான் சிரித்ததை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

பள்ளி விட்டதும் வீட்டுப்பாடம் கொடுக்கும் சாக்கில் கப்பல்காரி வீட்டுக்குப் போனாள். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். இரும்புப் படி. உள்ளே குறுக்கே ஒரு கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தது. பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மேசை ஆக்கியிருந்தார்கள். அதன்மேல் கப்பல்காரியின் அம்மா, அப்பாவின் வேலைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பார்க்க வந்தியா?" என்றார் அவர். "வயித்துவலின்னு படுத்திருக்கா. காலையில இருந்து மூணு தடவை நல்லா சாப்பிட்டா. என் சர்வீஸ்ல இப்படி ஒரு வயித்துவலியை நான் பார்த்ததே இல்ல."

கப்பல்காரி எழுந்து வெளியே வந்தாள். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். கீழே யாரோ சக்கரத்துக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

"தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் பட்டாணி.

"அம்மாகிட்ட வயிறுன்னு சொல்லியிருக்கேன். மாத்திச் சொல்லிடாதே."

பட்டாணி சட்டை நுனியைத் திருகினாள். "அந்தக் கலரைக் கலந்தது நான்தான்."

"தெரியும். உன் நகத்துல இன்னும் இருக்கு."

"நான் சிரிச்சதும்..."

"அதுவும் தெரியும்."

பிறகு கப்பல்காரிதான் ஆரம்பித்தாள்.

"எங்க நாடு கடைசிக் குழுவுல இருக்கிறது பொய் இல்ல. எங்க தெருவுல வாரத்துக்கு ரெண்டு நாள்தான் தண்ணி வரும். பள்ளிக்கூடத்துல ஒரு பெஞ்சுல ஆறு பேர். நடுவுல ஒருத்தி தும்மினா ஓரத்துல இருக்கிறவ கீழ விழுவா. இதையெல்லாம் நானே சொல்லியிருப்பேன். இதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. ஆனா கடைசின்னா அழுக்கா?"

"அழுக்குன்னு நினைச்சுப் பூசல," என்றாள் பட்டாணி அவசரமாக. "கலர் தீர்ந்துபோச்சு. மிச்சம் இருந்ததை எல்லாம் கலந்துட்டேன். எங்கப்பாவும் அப்படித்தான் செய்வார். யாரும் பார்க்காத சுவருக்கு அதைத்தான் அடிப்பார்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

"நான் பார்த்தேனே," என்றாள் கப்பல்காரி. "முதல்ல அதைத்தான் தேடிப் பார்த்தேன்."

பட்டாணி நகத்தில் ஒட்டியிருந்த கலரைச் சுரண்டினாள்.

"எங்கம்மா பதினெட்டு வருஷம் வீடு வீடா நடந்து குழந்தைங்களுக்கு ஊசி போட்டாங்க," என்றாள் கப்பல்காரி. "அவங்க வேலைக்குச் சேர்ந்தப்போ இருந்த மாதிரியா இப்போ இருக்கு? எவ்வளவோ மாறியிருக்கு. உன் படத்துல பார்த்தா எங்க நாடு நின்ன இடத்துலயே நிக்குது. நான் வெள்ளிக்கிழமை வரல. குச்சியை மைக்செட்கிட்டக் குடுத்துடச் சொல்லு."

அன்று சாயங்காலம் அப்பா முற்றத்தில் தூரிகைகளை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். பட்டாணி பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, பின்சுவர்க் கலரை ஒருத்தங்க வீட்டு முன்சுவர்ல அடிச்சுட்டா என்ன ஆகும்?"

"ஏணியோட சேர்த்து என்னையும் தூக்கித் தெருவுல போடுவாங்க. யார் வீடு?"

"தெரிஞ்சவங்க வீடு."

"அவங்க பார்த்துட்டாங்களா?"

"பார்த்துட்டாங்க. மன்னிப்புகூடக் கேக்கப் போனேன்."

"மன்னிப்பு கேட்டா சுவர் மாறுமா? மறுபடியும் அடிக்க வேண்டியதுதான்."

பட்டாணி உள்ளே போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்தாள். மூன்று குழுக்களின் பட்டியல் அப்படியே இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் கடைவாய்ப்பல் நாடு மூன்றாவது குழுவில்தான். பட்டியலை மாற்ற அவளால் முடியாது. மாற்றினால் அது பொய். ஆனால் 'நின்ன இடத்துலயே நிக்குது' என்று கப்பல்காரி சொன்னது அவளை விடவில்லை. நிற்கிறதா நகர்கிறதா என்று எங்கேயாவது எழுதியிருக்க வேண்டுமே.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. பரீட்சைக்கு வராது என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே இரண்டு எண்கள். முப்பது வருடங்களுக்கு முன் அங்கே மக்கள் சராசரியாக எத்தனை வயது வரை வாழ்ந்தார்கள் என்று ஓர் எண். இப்போது எத்தனை வயது வரை என்று இன்னோர் எண்.

பட்டாணி இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முற்றத்துக்கு ஓடினாள்.

"அப்பா, எனக்கு நீலமும் வெள்ளையும் வேணும்."

"எத்தனை சுவர்?"

"உலகம் பூரா."

அப்பா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். "அரை டப்பா போதுமா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளைக்குக் கண்காட்சி. இப்போ வந்து புதுப் படம்னா எப்படி? புத்தகத்துல இருக்கிற பட்டியலை நாம மாத்தக் கூடாது."

"பட்டியல் அப்படியே இருக்கட்டும் டீச்சர். படத்துக்குக் கீழ ஒட்டிடலாம். நான் கலரைத்தான் மாத்தப் போறேன்." பட்டாணி மூச்சுவிடாமல் சொன்னாள். "நான் தப்பான கலர் பூசிட்டேன். அதனாலதான் கப்பல்காரி வரல. அவ தொண்டை நல்லாத்தான் இருக்கு. வயிறும் நல்லாத்தான் இருக்கு."

டீச்சர் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதை நானும் கவனிக்கலயே," என்றார் மெதுவாக. பிறகு அலமாரியைத் திறந்து, வெறும் கோடு மட்டும் போட்ட உலகப்படங்கள் இரண்டை எடுத்துக் கொடுத்தார். "கடைசி ரெண்டு. கெடுத்தா வேற இல்ல."

பட்டாணி ஐந்து கிண்ணங்களில் நீலம் கலந்தாள். முதல் கிண்ணத்தில் வெள்ளை அதிகம், நீலம் ஒரு துளி. ஐந்தாவதில் முழு நீலம். எங்கே மக்கள் அதிக வருடம் வாழ்கிறார்களோ அங்கே நீலம் கெட்டியாக இருக்கும். ஒரு படம் முப்பது வருடங்களுக்கு முன்பு இருந்த உலகம். இன்னொன்று இப்போது இருக்கும் உலகம். யாருக்கும் தனி நிறம் இல்லை. எல்லா நாட்டுக்கும் ஒரே நீலம்தான், கூடவோ குறையவோ.

எண்களை உரக்க வாசிக்க ஆள் வேண்டும் என்றதும், கேட்காமலேயே மைக்செட் வந்து உட்கார்ந்தான். அவன் வாசித்தான். பட்டாணி கிண்ணத்தைச் சொன்னாள். நாலு பிள்ளைகள் தீட்டினார்கள். கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் அன்று உலக நாடுகளின் ஆயுள் மனப்பாடம் ஆகியிருக்கும்.

பெரும்பாலான நாடுகள் இரண்டாவது படத்தில் கெட்டியான நீலத்துக்கு மாறின. இரண்டு நாடுகள் மட்டும் வெளுத்துப்போயின. அங்கே சண்டை நடக்கிறது என்று டீச்சர் சொன்னார்.

"கடைவாய்ப்பல்," என்றான் மைக்செட். "அப்போ நாற்பத்தி ஆறு. இப்போ அறுபத்தி மூணு."

"முன்னாடி ஒண்ணாம் கிண்ணம். இப்போ மூணாம் கிண்ணம்."

"நம்ம நாடு. இப்போ எழுபத்தி ஒண்ணு. அப்போ அறுபத்தி ரெண்டு." மைக்செட் நிறுத்தினான். விரலை வைத்து மறுபடியும் பார்த்தான். "இரு. அறுபத்தி ரெண்டும் மூணாம் கிண்ணம்தானே?"

"ஆமா."

"அப்போ அவங்க இப்போ நிக்கிற இடத்துலதான் நாம முப்பது வருஷம் முன்னாடி நின்னோமா?"

"அட்டவணை அப்படித்தான் சொல்லுது."

மைக்செட் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அது அந்த வகுப்பில் ஓர் அதிசயம். "எங்கப்பா அப்போ சின்னப் பையன். இதைச் சொல்லவே இல்ல," என்றான். பிறகு, "அன்னைக்கு நான் கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன்ல?" என்று கேட்டான்.

"நீ எப்பவும் சத்தமாத்தான் பேசுவே."

"அன்னைக்கு அதிகம்," என்றான் அவன்.

சாயங்காலம் பட்டாணி சைக்கிள் கடைக்குக் கீழே நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"படத்தை மாத்திட்டேன்," என்றாள். "நாளைக்கு வந்து பாரு. பேச வேண்டாம், பார்த்தா போதும். பிடிக்கலைன்னா அப்படியே போயிடு."

சைக்கிள் கடைக்காரர்தான், "சரிம்மா, வந்து பார்க்கிறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளி மண்டபத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. தண்ணீரில் எரியும் விளக்கு, அட்டையில் செய்த பாலம், முளைவிட்ட விதைகள் என்று மேசைக்கு மேசை ஏதோ இருந்தது. உலகப்படங்களின் பக்கத்தில் மைக்செட் குச்சியோடு நின்றான். குரலுக்கு அவனிடம் குறைவில்லை. சொல்ல வேண்டியதுதான் மறந்துபோயிருந்தது.

"இது உலகம்," என்றான். கூட்டம் காத்திருந்தது. "இதுவும் உலகம்."

பட்டாணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி ஆயிற்று. பத்தே கால் ஆயிற்று. அவள் நம்பிக்கையை விட்டுவிட்டுத் திரும்பியபோது, கூட்டத்துக்குள் புகுந்து கப்பல்காரி வந்தாள். கொஞ்சம் பின்னால் அவள் அம்மா.

கப்பல்காரி யாரையும் பார்க்கவில்லை. நேராக முதல் படத்துக்குப் போனாள். கடலோரமாகவே விரலை நகர்த்தினாள். கடைவாய்ப்பல் அங்கே வெளிறிய நீலத்தில் இருந்தது. அடுத்த படத்துக்குப் போனாள். அங்கே அது நன்றாகவே நீலமாக இருந்தது. கீழே ஒட்டியிருந்த பட்டியலையும் படித்தாள். மூன்றாவது குழுவில் தன் நாட்டின் பெயரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"எங்க நாடுதான் அதிகமா நகர்ந்திருக்கா?" என்று பட்டாணியிடம் கேட்டாள்.

"அதிகமா நகர்ந்த மூணுல ஒண்ணு. ரெண்டு தடவை சரிபார்த்தேன்."

"முதல்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். ஆனா இல்லையே."

கப்பல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்செட் பக்கம் கையை நீட்டினாள். தப்பித்தோம் பிழைத்தோம் என்று அவன் குச்சியைக் கொடுத்தான்.

"இது எங்க நாடு," என்றாள் அவள் கூட்டத்தைப் பார்த்து. "பட்டியல்ல கடைசிக் குழு. எங்க தெருவுல வாரத்துக்கு ரெண்டு நாள்தான் தண்ணி." தும்மினால் ஆள் விழும் பெஞ்சையும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"எங்கம்மா அங்கே வீடு வீடாப் போய் ஊசி போட்டவங்க. அவங்க வேலைக்குச் சேர்ந்தப்போ எங்க பக்கத்துல குழந்தை பிறந்தா ஒரு வயசு ஆகிற வரைக்கும் பேர் வைக்க மாட்டாங்க. பேர் வெச்சப்புறம் குழந்தை போயிட்டா அந்தப் பேரைச் சொல்லி அழணுமே, அதுக்காக." குச்சி முதல் படத்திலிருந்து இரண்டாவது படத்துக்குப் போனது. "இப்போ பிறந்த அன்னைக்கே பேர் வைக்கிறாங்க."

கப்பல்காரியின் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மைக்செட்டால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "உனக்கு எப்போ பேர் வெச்சாங்க?" என்று ரகசியமாகக் கேட்டான். கடைசி மேசை வரைக்கும் கேட்டது.

"பிறந்த அன்னைக்கே. ஊசியும் அன்னைக்கேதான். அம்மாகூட வேலை பார்த்த அக்கா போட்டாங்களாம். அம்மா படுத்த இடத்துலருந்தே, 'ஊசியை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி'ன்னு சொல்லிட்டே இருந்தாங்களாம்."

"சாய்ச்சுத்தான் பிடிச்சிருக்கணும்," என்றார் அம்மா ஜன்னல் பக்கத்திலிருந்து.

கூட்டம் சிரித்து ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கப்பல்காரி அதுவரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, குச்சியை எடுத்து அடுத்த நாட்டின் மேல் வைத்தாள்.